சிக்னல் நின்றால் கிரேனும் நிற்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிக்னலைப் பற்றித்தான். நான் முதலில் கீழே நின்று கை காட்டியவன், பிறகு கேபினில் ஏறி உட்கார்ந்தவன், இப்போது இரண்டு வேலைக்கும் ஆட்களைப் பழக்குகிறவன். அதனால் இரு தரப்புப் புலம்பலும் எனக்குப் பழக்கம்தான். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டவர் கிரேன் ஓட்டுகிறேன் ஐயா. கட்டடத்தின் பின்பக்கம் லோடு இறங்குவது எனக்குத் தெரியாது. வாக்கிடாக்கியை நம்பித்தான் இறக்குகிறேன். பாதியில் பேச்சு நின்றுவிட்டால் நானும் நிறுத்திவிடுவேன். "ஒன்றும் சொல்லாவிட்டால் ஓட்டிக்கொண்டே இரு என்றுதான் அர்த்தம், ஏன் நிறுத்தினாய்?" என்று ஃபோர்மேன் திட்டுகிறார். யார் சரி?

நீங்கள்தான் சரி தம்பி. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. சிக்னல் வந்துகொண்டிருக்கும் வரைதான் கிரேன் நகரலாம். பேச்சு அறுந்தால் லோடு நிற்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கிரேன் விதிகளிலும் இதுதான் இருக்கிறது: தொடர்பு போனால் ஆப்பரேட்டர் பத்திரமாக நிறுத்த வேண்டும், தொடர்பு திரும்ப வந்து, சரியான சிக்னல் கிடைத்து, அது புரிந்த பிறகுதான் அடுத்த அசைவு.

பேச்சு ஏன் நிற்கிறது என்று உங்கள் ஃபோர்மேன் யோசித்துப் பார்க்கவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதே சேனலில் வேறு யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கதை பேசலாம். சிக்னல்மேன் கம்பி தடுக்கி விழுந்திருக்கலாம். "ஸ்டாப்" என்று சொல்லக்கூட முடியாத நிலையில் அவர் இருந்தால், அந்த மௌனம் ஒன்றுதான் உங்களுக்கு வந்து சேரும் செய்தி.

ஆனால் சிக்னல்மேன் சும்மாவே பேச்சை விட்டு விட்டுப் பேசினால், நீங்களும் நின்று நின்றுதான் ஓட்ட வேண்டியிருக்கும். ஃபோர்மேனுக்கு எரிச்சல் வருவது அங்கேதான் என்று நினைக்கிறேன். அதற்கு மருந்து சிக்னல்மேனிடம் இருக்கிறது. முதலில் எந்த கிரேன், அடுத்து எந்த இயக்கம், எந்தத் திசை, அப்புறம் தூரம், கடைசியில் அதே இயக்கத்தைச் சொல்லி ஸ்டாப். இப்படி:

"கிரேன் இரண்டு, ஹூக் இறக்கு, ஐந்து மீட்டர்… இறக்கு… மூன்று… இரண்டு… ஒன்று… அரை… ஹூக் ஸ்டாப்."

எண்கள் ஒரே சீராக இறங்கி வந்தால், ஆப்பரேட்டரின் கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். "கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்றால் அவர் எதை வைத்துக் குறைப்பார்? உங்கள் கொஞ்சம் ஒரு சாண், அவருடைய கொஞ்சம் ஒரு மீட்டர்.

இன்னொன்று. வாக்கிடாக்கி பட்டனை அமுக்கியவுடனே பேசினால் முதல் அசை பெரும்பாலும் காற்றில் போய்விடும். அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசச் சொல்லுங்கள். கிரேனுக்கென்று தனிச் சேனல் வேண்டும். கான்கிரீட் வண்டி எங்கே, மேஸ்திரி எங்கே என்ற விசாரணையெல்லாம் வேறு சேனலில் நடக்கட்டும். கேபினில் கையால் எடுத்துக் காதில் வைக்கும் கருவி கூடாது, இரண்டு கையும் லீவரில் இருக்க வேண்டும். சோதனை முக்கியம். கிரேன் அடியில் நின்று "கேட்கிறதா, கேட்கிறது" என்று சொல்லிக்கொள்வது சோதனையே இல்லை. லோடு எங்கே இறங்கப்போகிறதோ, சிக்னல்மேன் அங்கே போய் நின்று பேசிப் பார்க்க வேண்டும். திறந்தவெளியில் கணீரென்று கேட்ட கருவி லிஃப்ட் குழிக்குள் ஊமையாகிவிடும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபோர்மேன் மேசையில் வையுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: மொபைல் கிரேன் ஓட்டுகிறேன். லோடு கீழே வரும்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் கை காட்டுகிறார்கள். எவர் பேச்சைக் கேட்பது?

ஒருவர் பேச்சையும் கேட்காதீர்கள். லீவரை நடுவில் விட்டு, ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை போட்டு, ஒருவர் மிஞ்சுவார். அவர்தான் சிக்னல்மேன்.

வேடிக்கைக்குச் சொன்னாலும் நான் பழக்கும் ஆட்களிடம் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். ஒரு லோடுக்கு ஒரு சிக்னல்மேன். அவருடைய மேல்சட்டை மற்றவர்களுடையதிலிருந்து வேறு நிறத்தில் இருந்தால் கேபினிலிருந்து சட்டென்று தெரியும். பாதித் தூரத்துக்குமேல் அவரால் பார்க்க முடியாது, இன்னொருவர் ஏற்க வேண்டும் என்றால், லோடு அசையாமல் நிற்கும்போது கைமாற்றட்டும். "இனி மூன்றாம் மாடியிலிருப்பவர் பார்ப்பார்" என்று முதல் ஆள் சொல்லி, மூன்றாம் மாடிக்காரர் "நான் பார்க்கிறேன்" என்று பதில் கொடுத்த பிறகு நகருங்கள்.

விலக்கு ஒன்றே ஒன்று: ஸ்டாப். அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். பெயின்ட் அடிக்க வந்தவர் காட்டினாலும், இன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவர் காட்டினாலும் நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டார் என்று தெரிந்தாலும் அவரைப் பத்துப் பேர் முன்னால் கேலி செய்யாதீர்கள். அடுத்த முறை நிஜமாகவே ஏதாவது தெரியும்போது அவர் கையைத் தூக்க மாட்டார்.

கேள்வி: பொருள் சரியாக இறங்கியதும் மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஆப்பரேட்டர் கிரேனின் நீண்ட கையான பூமைத் தூக்கிவிட்டார். லோடை ஹூக்கில் மாட்டும் ஸ்லிங் இன்னும் கழற்றப்படவில்லை, லோடு இழுபட்டது. தப்பு அவர்மேல்தானே?

இல்லை. பல இடங்களில் புழங்கும் அமெரிக்க முறைக் கைச்சைகையில், கையை நீட்டி, விரல்களை மடக்கி, கட்டைவிரலை மேலே காட்டினால் "பூமைத் தூக்கு" என்று பொருள். கீழே காட்டினால் "பூமை இறக்கு". நீங்கள் பாராட்டினீர்கள், அவர் கீழ்ப்படிந்தார். பூம் எழுந்தால் ஹூக் மேலேயும் போகும், கிரேன் பக்கமாகவும் வரும். லோடு இழுபட்டது அதனால்தான்.

சிக்னல்மேனாக நிற்கும்போது உங்கள் கை உங்களுடையது இல்லை. ஹெல்மெட்டில் முஷ்டியால் தட்டினால் "பெரிய ஹூக்கைப் பயன்படுத்து", முழங்கையைத் தட்டினால் "சின்ன ஹூக்கைப் பயன்படுத்து". ஆகவே முழங்கையில் கொசு கடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வரும் நண்பருக்குக் கையசைக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்டாப் காட்டி லோடை நிறுத்திவிட்டு அசையுங்கள்.

கேள்வி: எங்கள் தளத்தில் பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் சிக்னலும் ஒவ்வொரு மாதிரி. உலகம் முழுக்க ஒரே முறை கிடையாதா?

ஐஎஸ்ஓ 16715 என்று கிரேன் கைச்சைகைகளுக்கென்றே 2014இல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது. ஆனால் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்களுக்கே வயிற்றைக் கலக்கும். அமெரிக்க முறையில் ஸ்டாப் என்றால் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, கிடையாக முன்னும் பின்னும் வீசுவது. ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டு உத்தரவில் ஸ்டாப் என்றால் வலது கை மேலே, உள்ளங்கை முன்பக்கம். சரி, அதே உத்தரவில் "தூக்கு" எப்படி? வலது கை மேலே, உள்ளங்கை முன்பக்கம், மெதுவாக ஒரு வட்டம். ஆக, ஆடாத கை நிறுத்தச் சொல்கிறது, சுழலும் கை தூக்கச் சொல்கிறது. தூரத்தில், தூசியில், ஆள் லேசாகத் தள்ளாடினால்? எனக்கு அந்த ஜோடி பிடிக்கவே பிடிக்காது. அமெரிக்க முறையில் "தூக்கு" என்றால் முன்கையைச் செங்குத்தாக வைத்து, ஆள்காட்டி விரலால் மேலே சின்ன வட்டம் போடுவது. ஸ்டாப்போடு குழம்ப வழியில்லை.

எந்த முறை உயர்ந்தது என்று டீக்கடைப் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். தளத்துக்கு ஒரு முறையை முடிவு செய்து, அதன் படத்தைக் கேபினுக்குள் ஒட்டுங்கள், லோடு ஏற்றும் இடத்திலும் ஒட்டுங்கள். வேலை தொடங்கும் முன் ஆப்பரேட்டரும் சிக்னல்மேனும் நேருக்கு நேர் நின்று ஒவ்வொரு சைகையாகச் செய்து காட்டிக்கொள்ளட்டும். பிறகு ஆப்பரேட்டர் கேபினில் ஏறி, வெறும் ஹூக்கை அந்தச் சைகைகளுக்கு ஓட்டிப் பார்க்கட்டும். ஸ்டாப்பையும் அவசர ஸ்டாப்பையும் இன்னொரு தடவை.

கேள்வி: சிக்னல் கொடுக்க நல்ல இடம் எது?

ஆப்பரேட்டர் உங்களையும், நீங்கள் லோடையும் அது போகும் வழியையும் பார்க்கக்கூடிய இடம். லோடுக்கு அடியில் கூடாது, லோடுக்கும் சுவருக்கும் நடுவில் கூடாது, கிரேனின் பின்பக்க எடைக்கட்டி சுழலும் வட்டத்துக்குள்ளும் கூடாது. காலையிலும் மாலையிலும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆப்பரேட்டருக்கு நீங்கள் வெறும் கறுப்பு உருவம்தான், விரல் தெரியாது. இடம் மாறி நில்லுங்கள். லோடு சுற்றினால் கையால் பிடிக்கப் போகாதீர்கள். அதில் கட்டிய கயிற்றை வேறொருவர் பிடிக்கட்டும், உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

வாயால் சொல்லும்போது வலது, இடது என்பது ஆப்பரேட்டருடைய வலது, இடது. நீங்கள் அவருக்கு எதிரே நிற்பதால் உங்களுக்கு அது தலைகீழ். கைச்சைகையில் இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் விரலை நீட்டினால் போதும்.

கேள்வி: வாக்கிடாக்கிக்குப் பதில் செல்போன் வீடியோ காலில் காட்டினால் என்ன?

நடுவில் உங்கள் மாமனார் கூப்பிட்டால் லோடு என்ன செய்யும்?

கேள்வி: என் கணவர் சிக்னல்மேன். "நாள் முழுக்கக் கையை ஆட்டுவதற்குச் சம்பளமா?" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அம்மா, அவர்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு டன் பொருளை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறார்கள். ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்கும்? ஆளுக்கு அரை டன் என்பார்கள். ஸ்லிங் நேர் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 580 கிலோ. 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு ஒரு டன். பொருள் அதேதான், இழுவை இரண்டு மடங்கு.

உங்கள் கணவர் லோடைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்க வைத்து, ஸ்டாப் காட்டி, சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். கேலி செய்கிறவர்கள் பார்ப்பது இந்தச் சும்மாவைத்தான். அந்த நேரத்தில் ஸ்லிங் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, லோடு ஒரு பக்கம் தாழ்கிறதா, ஹூக்கின் பூட்டு மூடியிருக்கிறதா, கிரேனின் கால் மண்ணில் புதைகிறதா, காற்று எப்படி, வழியில் ஆள் இருக்கிறாரா எல்லாவற்றையும் அவர் பார்த்து முடிக்கிறார். அதற்குப் பிறகுதான் கை ஆடும்.

கேள்வி: மின்கம்பிக்குப் பக்கத்தில் கிரேன் வேலை. சிக்னல்மேனே கம்பியையும் கவனித்துக்கொள்ளலாமா?

கூடாது. கம்பிக்கென்று தனியாக ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். கேபினிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது பூம் நுனிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தேர்ந்த ஆப்பரேட்டர் கண்ணுக்கும் பிடிபடாது. பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் அது தெரியும். அவர் ஆப்பரேட்டரோடு நேரடியாகப் பேச வழி இருக்க வேண்டும். சிக்னல்மேனிடம் சொல்லி, அவர் ஆப்பரேட்டரிடம் சொல்லி என்று சுற்ற நேரம் கிடையாது. அமெரிக்க விதிப்படி 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 10 அடி இடைவெளி, அதாவது சுமார் 3 மீட்டர். 200 கிலோவோல்ட் வரை 15 அடி, 350 வரை 20 அடி. உங்கள் இடத்து விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள். மின்வாரியத்து ஆள் வந்து உறுதி செய்ய வேண்டும்.

தப்பித் தவறி பூம் கம்பியில் பட்டுவிட்டால் ஆப்பரேட்டர் கேபினுக்குள்ளேயே இருக்கட்டும், முடிந்தால் பூமை மெதுவாக விலக்கட்டும். கீழே இருப்பவர்கள் கிரேனையோ, லோடையோ, அதில் கட்டிய கயிற்றையோ தொடக் கூடாது. உதவிக்கு ஓடி வருகிறவர்களைத் தூரத்திலேயே தடுத்து நிறுத்துவது சிக்னல்மேனின் வேலை. கேபினில் தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால், ஆப்பரேட்டர் கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைத் தூக்காமல், ஒன்றையொன்று ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து விலகிப் போக வேண்டும். எட்டி நடந்தால் இரண்டு காலுக்கும் நடுவே தரையிலேயே மின்னழுத்த வித்தியாசம் இருக்கும்.