ரசிகர் பட்டாசு கொளுத்தினால் அணி ஏன் பணம் கட்ட வேண்டும்?

சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். எங்கள் ஊர் கால்பந்து அணியின் வரவு செலவும் என் பொறுப்பு. அணிகள் மேல் விழும் அபராதம் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

குடியாத்தம்: அண்ணா, டோர்னமெண்டில் எங்கள் ஆட்கள் நின்ற பக்கமிருந்து யாரோ பட்டாசு போட்டார்கள். கமிட்டி அணிக்கு அபராதம் போட்டுவிட்டது. தப்பே செய்யாதவனைத் தண்டிக்கலாமா?

தம்பி, ஜெர்மனியில் கார்ல் சைஸ் யேனா என்ற மூன்றாம் டிவிஷன் கிளப்பும் இதைத்தான் கேட்டது. 2018-இல் அதன் ரசிகர்கள் ஆட்டங்களின்போது வாணம் கொளுத்தியதற்காகக் கால்பந்து சங்கம் 24,900 யூரோ கட்டச் சொன்னது. கிளப் கோர்ட்டுக்கு வெளியே தகராறு தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் (ஆர்பிட்ரேஷன்) போனது, பிராங்க்ஃபர்ட் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, கடைசியில் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 நவம்பரில் அங்கேயும் தோற்றது. இது குற்றத்துக்கான தண்டனை அல்ல, இனிமேல் நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு, ஆகவே கிளப்பின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். ரசிகர்களைத் தட்டிக்கேட்கும் இடத்தில் கிளப்தான் இருக்கிறது.

நம் பக்கம் எருது விடும் விழாவுக்கு விழாக்குழு பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஆனாலும் எனக்கு இதில் மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. பேர் எதுவானாலும், சீருடைக்கே வசூல் பண்ணும் அணிக்கு அந்தத் தொகை தண்டனையாகத்தான் வலிக்கும். வாசலில் ஆள் போட்டீர்களா, எச்சரித்தீர்களா, பிடித்துக் கொடுத்தீர்களா என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும். கமிட்டியிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

காட்பாடி: சார், அவன் எங்கள் ஊரே இல்லை. நாங்கள் அழைக்கவும் இல்லை.

அது எடுபடாது. 2006-இல் பிரான்சின் நான்சியில் ஃபெயனூர்ட் என்ற நெதர்லாந்து கிளப்பின் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். டிக்கெட்டை நாங்கள் விற்கவில்லை என்று கிளப் சொல்லிப் பார்த்தது. விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்கவில்லை, ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ தன் கோப்பைப் போட்டியிலிருந்து கிளப்பை நீக்கியது செல்லும் என்றது.

ஆற்காடு: போட்டவன் யாரென்று தெரியும். அவனிடம் வசூலிக்கலாமா?

ஜெர்மனியில் வசூலித்தார்கள். 2014-இல் கொலோன் மைதானத்தில் ஒருவர் மேல் தளத்திலிருந்து எறிந்த வெடியில் ஏழு பேருக்குக் காயம். சங்கம் போட்ட அபராதத்தில் அவர் பங்கு 20,340 யூரோ என்று கணக்கிட்டு, அதைக் கிளப்புக்குக் கட்டச் சொன்னது நீதிமன்றம். டிக்கெட் வாங்கும்போதே ஆட்டத்தைக் கெடுக்கமாட்டேன் என்ற கடமை ஒப்பந்தத்தில் வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு எனக்கு முழு சம்மதம். நம் மைதானங்களில் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, அதனால் ஒப்பந்தத்தைக் காட்டுவது கடினம். வீடியோவைப் பத்திரமாக வையுங்கள்.

ஆம்பூர்: ஐயா, நேராக ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா?

ரிட் என்பது அரசு அல்லது பொது வேலை செய்யும் அமைப்பு மேல் ஹைகோர்ட்டில் போடும் மனு. ஊர் கமிட்டி மேல் அது நிற்பது கஷ்டம். கிரிக்கெட் வாரியம் பொது வேலை செய்கிறது, அதனால் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவில், அதாவது ரிட் அதிகாரத்துக்குள், வரும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாச் சங்கமும் அப்படி வராது. நீங்கள் போக வேண்டியது சிவில் கோர்ட். அங்கேயும் மேட்சை மறுபடி நடத்தமாட்டார்கள். விதிப்படி நடந்தார்களா, உங்கள் பக்கம் கேட்டார்களா, நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். அறுபதுகளில் டி.பி. தாவர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. நோட்டீஸே தராமல் அபராதம் போட்டிருந்தால் உங்கள் வழக்குக்குப் பலம் அதுதான்.

விதியில் நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்தால் வழி வேறு. அதன் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதானால், தீர்ப்பு கையில் கிடைத்து 3 மாதத்துக்குள் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் கோர்ட்டில் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் கிடையாது.

வாணியம்பாடி: கல் வந்தால் டீமைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா?

ரெஃப்ரி சொல்லாமல் கிளம்பாதீர்கள். 2012 டிசம்பரில் கொல்கத்தாவில் மோகன் பகான் கிளப்பின் வீரர் ரஹீம் நபி மேல் கல் பட்டது. கிளப் இரண்டாம் பாதி ஆட மறுத்தது. முதலில் தடை, அப்புறம் தடையை விலக்கி 2 கோடி ரூபாய் அபராதம். அடிபட்டது அவர்கள் வீரர், பணம் கட்டியதும் அவர்களே. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், நேரத்தோடு ரெஃப்ரி அறிக்கையில் பதியச் சொல்லுங்கள், அடிபட்ட பையனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.