மனசுல இரிக்கிறத வாசிக்கிறன் என்டு சொல்றவங்கள நம்பலாமா?

நம்பாதீங்க. பக்கத்துல இருந்து பாத்தவன் என்டபடியாத்தான் சொல்றன்.

எங்கட பெரியம்மாட மகன் 1990ல களுவாஞ்சிக்குடியில இருந்து டவுணுக்குப் போனவர், திரும்பி வரல்ல. அக்கரைப்பத்துக்கு அங்கால ஒருத்தர் ஆக்கள்ட மனச அப்பிடியே வாசிக்கார் என்டு யாரோ சொல்ல, ரெண்டு வருஷத்துக்கு முதல் நான்தான் அவவ ஓட்டோவுல கூட்டிப் போனன். விறாந்தையில ஒரு பொம்புள தேத்தண்ணி தந்து எந்த ஊர், யாருக்குப் பாக்க வந்தீங்க, எத்தின புள்ளைகள் என்டு அன்பா விசாரிச்சா, பெரியம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. உள்ளுக்குப் போனா அவர் கண்ண மூடிக்கொண்டு "ஒரு ஆம்புளப் புள்ள... தூரம்..." என்டார், இவ அழத் தொடங்கிட்டா. "கடல் பக்கமா?" என்டார், இவ பேசாம இரிக்க உடனே "இல்ல, காடு மாதிரித் தெரியிது" என்டு மாத்தினார், "ஓம் சாமி, பொலன்னறுவப் பக்கம் கண்டதா ஒருத்தர் சொன்னவர்" என்டா இவ, மறுகா பொலன்னறுவயே அவர் கண்டுபிடிச்ச மாதிரி ஆகிட்டு.

நான் போன்ல ரெக்கோட் பண்ணியிருந்தன். வீட்ட வந்து ரெண்டு பேரும் போட்டுக் கேட்டம், அவர் கேட்டது எல்லாம் கேள்வி, பதில் முழுக்க பெரியம்மாட.

1948ல அமெரிக்காவுல பேர்ட்ரம் ஃபோரர் என்ட உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு, இது உன்ட குணம் என்டு தனித்தனியா எழுதின மாதிரி ஒரே தாளைக் குடுத்தார், எல்லாரும் தனக்கே எழுதினது என்டு நம்பி 5க்கு சராசரியா 4.26 புள்ளி போட்டாங்க. வெளிய அடக்கமா இரிந்தாலும் உள்ளுக்குக் கவலைப்படுவீங்க என்ட மாதிரி வசனங்கள்தான் அதுல. முப்பது வருஷமா புள்ளையத் தேடுற தாய்க்கு அது பொருந்தாமப் போகுமா?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில படிப்பிச்ச ஆபிரகாம் கோவூர் 1963ல, அற்புத சக்தி இரிக்கு என்டு செஞ்சு காட்டுறவங்களுக்கு ஒரு லட்சம் ரூபா தாறன் என்டு சவால் விட்டவர், ஒட்டின கவருக்குள்ள இரிக்கிற காசுத்தாள்ட நம்பரச் சொன்னாலே போதும், அடுத்தவன் நினைக்கிறத வாசிச்சுக் காட்டுறதும் அதுல ஒண்டு. 1978ல அவர் சாகும்வரைக்கும் ஒருத்தரும் அந்தக் காச வெல்லல்ல.

உங்கட வீட்டுல யாரும் போகணும் என்டு நிண்டா சண்ட பிடிக்காதீங்க, பாவம் அவங்க. கூடப் போங்க, விறாந்தையில ஊர்ப்பேர் கூடச் சொல்லவேணாம், உள்ளுக்குத் தலையாட்டாம இரிக்கச் சொல்லுங்க, ரெக்கோட் பண்ணி வீட்ட வந்து கேக்க வைங்க. பெரியம்மா ரெண்டாம் தரம் கேட்டுட்டு, அவர் கேட்ட பூசைக்கென்டு சீலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருந்த 15000 ரூபாவ அவிழ்த்து அலுமாரிக்குள்ள வெச்சா.