ஓகேயு கார்டு, சொக்சோ, கோயில் படி: சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கேள்விகளுக்குப் பதில்

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பிடிகே மையத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். மாற்றுத்திறனாளிகளை எங்கோ ஒரு விடுதிக்கு அனுப்பாமல், அவர்கள் வாழும் ஊரிலேயே பயிற்சி கொடுப்பதுதான் பிடிகே. 1984-ல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய திட்டம் இது. பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் அப்படியே உட்கார்ந்து பல விஷயம் கேட்பார்கள். தோட்டத்திலும் டவுனிலும் அதிகம் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

டீச்சர், என் மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு குறைவு, எழுத்து வரவில்லை. பள்ளியில் "வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் அக்காள்காரிக்கு நாளை சம்பந்தம் பேசும்போது பிரச்சினை வராதா?

அம்மா, முதலில் பள்ளி. வேறு இடம் எது என்று சொல்லாமல் வாய்வார்த்தையாக அனுப்பிவிடுவது சரியில்லை. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1996 கல்விச் சட்டத்தின் கீழ் சிறப்புக் கல்விக்கென்று 2013-ல் தனி விதிமுறைகளும் வந்தன. வழிகள் மூன்று: தனிச் சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்பு வகுப்பு, மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரும் முறை. இரண்டாவதை பிபிகேஐ என்பார்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் அது இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி, பிள்ளையின் பெயர், சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திர) எண், பள்ளியில் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் எல்லாம் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் அவர்கள் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால், நீங்கள் வந்ததற்கே அடையாளம் இல்லை.

இப்போது கார்டு. இது கட்டாயமில்லை, விருப்பப் பதிவு. கேட்கும் திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை என்று ஏழு பிரிவு இருக்கிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் பிரிவில் வரும். சமூக நல இலாகாவின் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அரசு கிளினிக் அல்லது ஆஸ்பத்திரி டாக்டரிடம் போங்கள். அவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டதும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நமக்கு அது கோலகங்சாரில் இருக்கிறது. இணையத்திலும் பதியலாம். கார்டு கையில் வந்த பிறகு அரசு ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் விலக்கு, ரயிலில் பாதிக் கட்டணம், கட்டணமில்லாத பாஸ்போர்ட் எல்லாம் கிடைக்கும். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு. அப்பாவோ அம்மாவோ வரி கட்டுகிறவராக இருந்தால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரிக்கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 ரிங்கிட்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் கார்டைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பதிவு அக்கம்பக்கத்துக்குப் போவதும் இல்லை. தோட்டத்தில் ஒன்பது வருடம் வளர்ந்த பிள்ளையை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். கார்டை மறைத்தால் மகனுக்கு வர வேண்டியது நின்றுபோகும், மகளுக்கு அதனால் ஒன்றும் கூடிவிடாது. அக்காவிடமும் கேளுங்கள். தம்பிக்குக் கார்டு எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டால் "ஏன்மா இவ்வளவு நாள் எடுக்கவில்லை" என்பாள். நான் பார்த்த பல வீடுகளில் அக்காள்மார் அப்படித்தான் சொன்னார்கள்.

செம்பனை அறுக்கும்போது மட்டை விழுந்து என் வலது கை வேலை செய்யாமல் போய்விட்டது. மேனேஜ்மெண்ட்டில் "கை சரியானால் வா, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு" என்கிறார்கள். தோட்டக் கிளார்க்கான கிராணியிடம், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

தம்பி, "பார்க்கலாம்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வேலையில் நடந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது பெர்கேசோவுக்கு, அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நீங்களே நேராக அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். வேலை விபத்துத் திட்டத்தில் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விபத்து நடந்தாலும் பாதுகாப்பு உண்டு.

கிடைப்பது இரண்டு கட்டமாக வரும். டாக்டர் லீவு கொடுத்திருக்கும் காலத்துக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. லீவு நாலு நாளாவது இருக்க வேண்டும். காயம் ஆறிய பிறகு மருத்துவ வாரியம் உங்களைப் பார்த்து, எத்தனை விழுக்காடு நிரந்தர இழப்பு என்று தீர்மானிக்கும். 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் மாதாமாதம் பணம் வரும் வழி இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் மொத்தமாக ஒரு தொகை. வாரியம் குறைவாகப் போட்டுவிட்டது என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலர் இதைத் தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வாரியத்துக்கு முன்னால் உட்காரும்போது கையைத் தூக்க முடியவில்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை, மோட்டார் சைக்கிள் பிரேக் பிடிக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சொக்சோவில் 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு அதிகாரி பொறுப்பெடுத்து, சிகிச்சை, செயற்கைக் கை, புது வேலைக்குப் பயிற்சி என்று கூடவே வருவார். மலாக்காவில் அவர்களுக்குப் பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஈப்போ மேரு ராயாவிலும் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அறுவடைக்குப் போக முடியாதுதான். எடை போடும் இடம், ஸ்டோர், நாற்றங்கால் என்று தோட்டத்துக்குள்ளேயே ஒரு கையால் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அதைக் கேட்கும்போது உங்கள் அதிகாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டு விஷயத்துக்கு உடனே தொழிற்சங்கத்தைப் பாருங்கள். அதுவரை காலி செய்வதாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் கோயிலுக்குச் சாய்தளம் கட்ட நிர்வாகத்தில் முடிவு செய்திருக்கிறோம். எவ்வளவு சரிவு வைப்பது? சக்கர நாற்காலி உள்ளே வந்தால் சுத்தம் கெட்டுவிடும் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள்.

முடிவெடுத்ததற்கே உங்களுக்கு வணக்கம், அண்ணா. கணக்கு எளிது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். உங்கள் வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் உயரம் 45. சாய்தளம் 540 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "இவ்வளவு நீளமா, இடமில்லையே" என்று மேஸ்திரி பாதியாகக் குறைப்பார். விடாதீர்கள். இரண்டு மீட்டரில் கட்டிய சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும், இறங்கும்போது அது கையை மீறி ஓடும். இடம் இல்லையென்றால் நேராகக் கட்டாமல் சுவரோரமாக மடக்கிக் கட்டலாம். மடங்கும் இடத்தில் நாற்காலி திரும்பும் அளவுக்குச் சமதளம் விட வேண்டும். மேலேயும் கீழேயும் அப்படியே.

பளபளக்கும் டைல் வேண்டாம். எண்ணெயும் அபிஷேகத் தண்ணீரும் சிந்தும் இடம் அது. சொரசொரப்பான சிமெண்ட் போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள், அது பாட்டிமாருக்கும் உதவும். சாய்தளத்தின் அடியில் செருப்பு ஸ்டாண்டை வைத்துவிடாதீர்கள். கட்டி முடித்த இடங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். திருவிழா நாளில் அங்கே தண்ணீர்ப் பந்தலும் போடக் கூடாது.

சுத்தம் பற்றி: வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துச் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போகலாம். நாமும் கால் கழுவிவிட்டுத்தானே போகிறோம். கோயிலுக்கென்று தனியாக ஒரு நாற்காலி வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தன் நாற்காலியை விட்டு மாறி உட்காருவது எல்லோருக்கும் முடியாது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அந்த நாற்காலி அவர் உடம்புக்கு ஏற்றபடி அமைத்தது. அவரையே கேட்டுச் செய்யுங்கள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நாலு பேர் கை வைக்கும் முன்னால் கட்டாயம் கேளுங்கள்.

டவுனில் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி. என் அண்ணன் சக்கர நாற்காலியில் ரோட்டில் லாரியோடு லாரியாகப் போகிறார். சட்டம் இருக்கிறதே, வழக்குப் போட முடியாதா?

சட்டம் இருக்கிறது. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம், எண் 685. பொது இடங்களையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமையை அதன் 26-வது பிரிவு சொல்கிறது, பொதுப் போக்குவரத்தை 27-வது பிரிவு சொல்கிறது. ஆனால் மீறியவருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அரசு மீது வழக்குத் தொடுப்பதை 41-வது பிரிவு தடுக்கிறது. அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் இவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த வரிசையில் உடற்குறை இல்லை. ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010-ல் உறுதிசெய்தது. தனிநபர் ஐநா குழுவிடம் புகார் கொடுக்க வழிவிடும் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. இந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லி மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. நியாயமான கோரிக்கை, நாமும் சேர்ந்து கேட்க வேண்டியது.

அதுவரை கையில் இருப்பது கட்டட விதி. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி வேண்டும் என்று ஒருசீர் கட்டட துணைச்சட்டத்தின் 34ஏ சொல்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியது நகராண்மைக் கழகம். கட்டி முடித்த பிறகு இடிக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். புதுக் கடை வரிசைக்கோ மண்டபத்துக்கோ பிளான் போகும் நேரத்தில் கழக உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். அண்ணன் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக் கொடுங்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் புகார் கொடுக்கலாம். அது தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் இல்லை. ஆனால் விசாரிக்கும், பதில் கேட்கும். புகாரில் அண்ணனே கையெழுத்துப் போடட்டும்.

அப்பா ஸ்ட்ரோக் வந்து படுக்கையில். உதவி கிடைக்குமா?

கிடைக்க வழியிருக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கான உதவித்தொகை 2021 பட்ஜெட்டில் மாதம் 500 ரிங்கிட் ஆனது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். டாக்டர் கடிதத்தோடு கோலகங்சார் சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். அப்பாவுக்கு 60 ஆவதற்கு முன்பே ஸ்ட்ரோக் வந்து, சொக்சோ கட்டியிருந்தால், இயலாமை பென்ஷனையும் கட்டாயம் கேளுங்கள். அது தனி.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காது கேளாத பையன் ஒருவன் வேலை கேட்கிறான். எடுக்கலாமா?

எடுங்கள். சம்பளத்தைக் குறைக்க நினைக்காதீர்கள், குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவனுக்கும் உண்டு. குறைந்த சம்பளக்காரர் என்றால் மாற்றுத்திறனாளித் தொழிலாளி அலவன்ஸாக மாதம் 450 ரிங்கிட்டுக்கு அவன் மனுப் போடலாம். அது உங்கள் சம்பளத்துக்கு மேல் வருவது, உங்கள் சம்பளத்துக்குப் பதிலாக அல்ல. அவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை நீங்கள் வருமான வரியில் இரட்டிப்பாகக் கழிக்கலாம். சைகை மொழியில் பத்து இருபது சொல் அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலை எழுதி ஒட்டுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை என்று கோபப்படாதீர்கள்.

டீச்சர், எனக்கு 23 வயது. பிறவியிலேயே கால் வராது. எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, முடித்தேன். ஈப்போவில் கணினி வகுப்பு போக ஆசை. வீட்டில் தனியாக அனுப்பமாட்டேன் என்கிறார்கள். போன தேர்தலில் அப்பாவே பக்கத்தில் நின்று எதில் போடணும் என்று காட்டினார்.

இத்தனை கேள்வியில் தனக்காகத் தானே கேட்டவர்கள் இரண்டே பேர், அதில் நீ ஒருத்தி, தங்கச்சி. அதனால் உனக்கு நேராகவே சொல்கிறேன்.

ஓட்டு உன்னுடையது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். உனக்குக் கை நன்றாக இருக்கிறது, பேனா பிடிக்கிறாய், நீயே தனியாகப் போய்ப் போடலாம். பார்வை இல்லாதவருக்கும், கையால் குறியிட முடியாதவருக்கும்தான் துணை ஆள். அந்தத் துணையைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். அடுத்த முறை அப்பா உள்ளே வந்தால், தேர்தல் அதிகாரியிடம் "எனக்குத் துணை வேண்டாம்" என்று சொல். அவர் அப்பாவை வெளியே நிற்கச் சொல்வார்.

ஈப்போவுக்கு ரயில் இருக்கிறது, உனக்குப் பாதிக் கட்டணம். முந்தின நாளே நிலையத்துக்குப் போன் பண்ணி, மின்தூக்கி ஓடுகிறதா, ஏறும்போது உதவிக்கு ஆள் வருவாரா என்று கேட்டுக்கொள். முதல் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டாவது தடவை அம்மா பின் பெட்டியில் உட்காரட்டும். வீட்டாருக்கு இருப்பது பயம். நீ போய்த் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நம் இனத்துப் பெண்மணி பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே 2013-ல் செனட்டராகி நாடாளுமன்ற மேலவையில் பேசினார். அப்பாவிடம் அதையும் சொல்.

வகுப்பில் சேரும் முன் மூன்று விஷயம் விசாரி: வகுப்பு எந்த மாடியில், மின்தூக்கி உண்டா, கழிவறைக் கதவுக்குள் உன் நாற்காலி நுழையுமா. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதே. அது சரியில்லாவிட்டால் ஒரே வாரத்தில் படிப்பை விட வேண்டிவரும். உன் நாற்காலியின் அகலத்தை அளந்து போனில் எழுதி வைத்துக்கொள், கேட்கிற இடத்தில் எல்லாம் அந்த அளவைச் சொல். பதிவு ஃபாரம் வந்ததும் மையத்துக்கு எடுத்து வா, உட்கார்ந்து நிரப்பலாம்.