அறிவியல், பொறியியல் நூல்கள்: கேள்வி பதில்

கேள்வி: தெர்மோடைனமிக்ஸுக்கு இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன். உள்ளாற்றல் மாற்றத்தைக் கணக்கிடும் முதல் விதியில் ஒன்று வெப்பத்திலிருந்து வேலையைக் கழிக்கிறது, மற்றது கூட்டுகிறது. எது தப்பு?

பதில்: இரண்டும் சரி. பொறியாளர்களுக்கு எந்திரம் வெளியே தரும் வேலைதான் முக்கியம். அதற்கு பிளஸ் போட்டு, வெப்பத்திலிருந்து கழிப்பார்கள். வேதியியல்காரர்கள் அமைப்புக்குள் வருவதற்கெல்லாம் பிளஸ் போடுவார்கள், அதனால் கூட்டல். ஒரு வாயு 500 ஜூல் வெப்பம் வாங்கி, விரிந்து 200 ஜூல் வேலை செய்தால் உள்ளாற்றல் எப்படியும் 300 ஜூல்தான் கூடும். முதல் புத்தகத்தில் 500 − 200, மற்றதில் 500 + (−200). ஒன்றின் சூத்திரத்தில் மற்றதன் குறியைப் போட்டால்தான் விடை கெடும். எந்தப் புத்தகம் எடுத்தாலும் குறி விதியை முதலில் பாருங்கள்.

கேள்வி: கால்குலஸ் நூலின் பழைய பதிப்பு கிடைத்திருக்கிறது. போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண் மாறியிருக்கலாம், புதிய பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கணக்கைப் போட்டு முடிக்கும்வரை பின்பக்க விடையைத் திறக்காதீர்கள்.

கேள்வி: இயற்பியல் நூலுக்கும் பழைய பதிப்பு போதும் என்றால் ஏற்க முடியாது. கிலோகிராமின் வரையறையே மாறிவிட்டதே!

பதில்: மாறியது உண்மை. 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாட்டினம்-இரிடியம் உருளையை நம்பி இல்லை. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்து வரையறுக்கிறார்கள். பொருளின் அளவைச் சொல்லும் மோல் என்ற அலகும், 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்ற பழைய வரையறையைக் கைவிட்டு, 6.02214076 × 10²³ துகள்கள் என்ற எண்ணிக்கையாகிவிட்டது. ஆனால் நியூட்டனின் விதிகளோ வகையிடலோ இதனால் மாறவில்லை. அலகுகள் பற்றிய அந்த ஒரு அத்தியாயத்தைப் புதிதாகப் படித்தால் போதும்.

கேள்வி: நான்தான் மறுபடியும். காந்தப்புலக் கணக்குகளில் வரும் காந்த மாறிலி (μ₀) சரியாக 4π × 10⁻⁷ என்று பழைய புத்தகம் அடித்துச் சொல்கிறது. இப்போது அது அளந்து அறியும் எண். அப்படியானால் புத்தகம் தவறுதானே?

பதில்: நல்ல பிடி, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் வித்தியாசம் எங்கே வருகிறது பாருங்கள்: பத்தாவது இலக்கம் வாக்கில். மூன்று இலக்கத்துக்கு விடை எழுதும் மாணவருக்கு அது தெரியவே தெரியாது. அளவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அவர் மாறிலிகளைப் புத்தகத்திலிருந்து எடுக்கவே கூடாது, மாறிலிகளின் மதிப்புகளைப் பரிந்துரைக்கும் பன்னாட்டுக் குழுவான கோடேட்டாவின் நடப்புப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன். எனக்கும் பழைய பதிப்பு போதுமா?

பதில்: போதாது. விசையும் வளைவும் கற்க எந்தப் பதிப்பும் ஆகும். வடிவமைப்பு விதிகள் திருத்தப்படுபவை. புத்தகம் மேற்கோள் காட்டும் விதித்தொகுப்பு எந்த ஆண்டினது என்று பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் நடப்பிலுள்ள மூலத்தையே திறந்து பாருங்கள்.

கேள்வி: இயற்பியலுக்குப் பழைய பதிப்பு ஆகுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மருந்தளவுக்கு எந்த நூல் நல்லது?

பதில்: என் துறை இல்லை. மருந்தியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: விடைக் கையேடு எங்கே கிடைக்கும்?

பதில்: தேடித் தர மாட்டேன். அடுத்தவர் போட்ட கணக்கைப் படித்தால் புரிந்ததுபோல் இருக்கும். தேர்வில் வெற்றுத்தாள்தான் முன்னால் இருக்கும்.

கேள்வி: ஒரு கணக்கை எத்தனை முறை போட்டாலும் புத்தக விடை வரவில்லை. புத்தகத்திலேயே பிழை இருக்குமா?

பதில்: இருக்கலாம், முதல் அச்சில் அதிகம். முதலில் அலகுகளைச் சரிபாருங்கள். பிறகு ஆசிரியரோ பதிப்பாளரோ வெளியிட்ட பிழைதிருத்தப் பட்டியலைத் தேடுங்கள். அதில் இல்லையென்றால் உங்கள் படிகளோடு அவர்களுக்கே எழுதுங்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் தன் நூல்களில் பிழையை முதலில் சுட்டுபவருக்கு 2.56 டாலர் பரிசு அறிவித்தவர்.