'ஆமாம்' சொல்லிவிட்டு வந்தவர்கள்

கேள்வி: ஸ்டேஷனில் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அப்பீல் போடலாமா?

எதை எதிர்த்து? தண்டனையே வரவில்லையே. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்துப் பொருள் எதையாவது கைப்பற்றியிருந்தால் அது வேறு கதை. மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்புக்கொண்டால்தான் வில்லங்கம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: அடிதடி கேஸில் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் போட்டுவிட்டார்கள்.

தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி சரியில்லை என்று மட்டும் அப்பீல் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 375, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் இப்போது 416. செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்க ஆன நாட்கள் கணக்கில் வராது. முதலில் நகலுக்கு மனு போடுங்கள்.

கேள்வி: டீக்கடைத் தகராறு, பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாக 294(பி) கேஸ். "ஆமான்னு சொல்லு, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்றார்கள். சொன்னேன். இப்போது கான்ஸ்டபிள் வேலை போய்விட்டது.

இந்தக் கடிதம் வாராவாரம் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறும். குற்றச்சாட்டு என்னவென்று உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன பதிலைக் கூடுமானவரை உங்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். பழைய 252, இப்போது 275. நடப்பது வேறு. ஒரு கோர்ட் நகலைப் பார்த்தேன்: பதினோரு பேர், பதினோரு தாளிலும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப் வாசகம், அடியில் கையெழுத்து. பதினோரு பேரும் ஒரே வாக்கியமா பேசினார்கள்?

தண்டனை குறையும் என்று ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்து, அப்புறம் மேல்கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று 1980-களிலேயே திப்பேசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தண்டனை கூடவில்லை, சரி. ஆனால் ஆசை காட்டியது அதே ஆசைதான்.

'குற்றவாளி' என்ற முடிவை எதிர்த்து அப்பீல் கிடையாது. ரிவிஷன், அதாவது கீழ்கோர்ட் செய்தது சட்டப்படி சரியா என்று மேல்கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனு, உண்டு, 90 நாள். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு, நாள்வாரியாகக் காரணத்தோடு. "சட்டம் தெரியாது" என்பது காரணமே இல்லை. ஜெயித்தால் தண்டனை ரத்தாகும், ஆனால் பெரும்பாலும் கேஸ் முதலிலிருந்து நடக்கும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் போலீஸ் தேர்வில் இடிக்கும் என்பதால் சாட்சிகளை ஒழுங்காகக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலாகப் பாருங்கள். வேலை விண்ணப்பத்தில் கேஸை மறைத்திருந்தால் அதையும் எனக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஒப்புக்கொண்ட அன்றே தண்டனை கொடுக்காமல் எச்சரித்தோ நன்னடத்தை உறுதி வாங்கியோ விடுகிற 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அதன் 12-வது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 'ஆமாம்' சொல்லச் சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா?

கேள்வி: மோசடி வழக்கில் 'பிளீ பார்கெய்னிங்' (ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேசிக் குறைத்துக்கொள்வது) முடித்தோம். அப்பீல்?

கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, ஐகோர்ட்டில் ரிட், அவ்வளவுதான்.

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியதாக பத்தாயிரம் கட்டினேன். அவசரத்தில் ஒப்புக்கொண்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அன்று குடித்திருந்தீர்களா என்று மட்டும் எங்கேயும் இல்லை. தீர்ப்புத் தேதியும் இல்லை. நகல் வாங்கிவிட்டு எழுதுங்கள்.