கடற்கரை விடுமுறை: அறை, மிதவை, ரயில் டிக்கெட்

கேள்வி: மாமல்லபுரம் அருகே ஒரு விடுதிக்கு இரண்டு இரவு வாடகையாக 14,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். ‘கடற்கரையை ஒட்டிய அறை, குழந்தைகளுக்குத் தனி நீச்சல் குளம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடலுக்குச் சாலையைத் தாண்டிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். 3, 6 வயதுப் பிள்ளைகளுக்கென்று மேலும் 3,000 ரூபாய் வாங்கினார்கள். இரவு நேரம், பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். வேறு வழியில்லாமல் தங்கினோம். பணத்தைக் கேட்டால் ‘கட்டிய தொகை திரும்பத் தரப்படாது’ என்ற விதியைக் காட்டுகிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா? – வாசகி, சேலம்

பதில்: முடியும். அந்த விதி நீங்களாகப் பயணத்தை ரத்து செய்தால் பொருந்தும். சொன்னதை அவர்களே தராதபோது அதைக் காட்டித் தப்ப முடியாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம்; காசு வாங்கிக்கொண்டு தராதது சேவைக் குறைபாடு.

முதல் வேலையாக அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். புகார் போனதும் முதலில் மாறுவது அதுதான். வறண்ட குளத்தின் படம், பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பதிவு உறுதிச் சீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வயதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வந்து இறங்கிய பிறகு கேட்ட அந்த 3,000 ரூபாய்க்கு நியாயமே இல்லை. பதிவு செய்யும்போது பிள்ளைகளைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் அந்தப் பகுதி பலவீனமானது. அதை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

பதினைந்து நாள் கெடு வைத்து விடுதிக்கு எழுத்து மூலம் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்கின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விடுதி எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். இரண்டு இரவும் தங்கிவிட்டதால் முழு வாடகையையும் கேட்பது எடுபடாது. கூடுதலாக வாங்கிய தொகை, வாடகையில் ஒரு பங்கு, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று கேளுங்கள்.

இனிப் பதிவு செய்யப்போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? அறைக்கும் மணலுக்கும் நடுவே சாலை உண்டா? பால்கனிக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான்கு அங்குலத்துக்கு மேல் இருந்தால், கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் இருக்கும் வீட்டார் மாடி அறையே எடுக்க வேண்டாம். வரும் பதில்கள் எழுத்தில் இருப்பதால் பின்னால் சாட்சியாகவும் நிற்கும்.

கேள்வி: ஐந்து வயது மகனோடு ராமேஸ்வரம் போகிறோம். காற்று ஊதும் ரப்பர் வளையம் வாங்குவதா, லைஃப் ஜாக்கெட் வாங்குவதா? – வாசகர், திருப்பூர்

பதில்: வளையத்தைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்தான். ஆனால் முத்திரை இருந்தாலும் அது பொம்மைதான், உயிர் காக்கும் சாதனம் அல்ல. விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நிலக்காற்றில்தான் மீனவர்கள் பாய் விரித்துப் போனார்கள். அதே காற்று, உள்ளே பிள்ளை இருக்கும் வளையத்தையும் தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் நீந்தும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும்.

லைஃப் ஜாக்கெட்டை வயது பார்த்து வாங்காதீர்கள். லேபிளில் எத்தனை கிலோ எடைக்கு என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இருக்க வேண்டும். கடையிலேயே மாட்டிவிட்டு, எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினால் அது உங்கள் பிள்ளைக்கு ஆகாது. நீல நிறம் தண்ணீரோடு கலந்துவிடும், ஆரஞ்சு வாங்குங்கள். அதைப் போட்ட பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து மக்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அலை அடங்கிய அக்னி தீர்த்தக் கரை பிள்ளைகள் கால் நனைக்க ஏற்றது. தனுஷ்கோடி முனையில் இறங்கவே வேண்டாம். வாடைக்காற்றுக் காலத்தில் பெண் கடலும் குணம் மாறும். அன்று காலை மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: ரயிலில் நான்கு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா? – வாசகி, மதுரை

பதில்: நான்கு வயதுக்கு வேண்டாம், தனிப் படுக்கை கேட்டால் மட்டும் முழுக் கட்டணம். ஏழு வயதுக்குப் படுக்கையோடு முழுக் கட்டணம், படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம். இரவுப் பயணம் என்றால் பெரிய பிள்ளைக்குப் படுக்கை எடுத்துவிடுங்கள். ஒரே படுக்கையில் மூவர் படுக்க முடியாது.