காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். 15 வயது மகனுக்கு ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். ஐந்து மாதமாகக் கோயம்புத்தூரில் சிகிச்சை. கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல், 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தேன், விடிவதற்குள் இறங்கிவிட்டது. மலைக்குளிர்தான் காரணம் என்கிறார் மாமியார். மாத்திரை கொடுத்தது தப்பா? பையன் வேறு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்.

பதில்: குளிர் மேல் பழி போடாதீர்கள். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடலாம். பத்தாம் நாள் என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அந்தக் காய்ச்சலைப் பற்றி இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இனிமேல் 100.4 டிகிரி காட்டினால் முதலில் போன், அப்புறம்தான் மாத்திரை. நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் சேரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதனால் நோயின் பெயர், கொடுக்கும் மருந்து, காய்ச்சலுக்கு முதலில் போட வேண்டிய ஊசி எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் அதைக் காட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று இப்போதே பேசி வையுங்கள். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் எடுத்தாலோ பையன் துவண்டு போனாலோ இதே அவசரம்தான். சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து ஓடும் நாட்களில் சூடு வெளியே தெரியாமலும் போகும்.

மலைதான் தொந்தரவு என்பதில் மட்டும் மாமியார் பக்கம் நிற்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும். அந்தச் சமயத்தில் அணுக்கள் குறையும் வாரம் வந்தால், கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

கோபத்துக்கு ஸ்டீராய்டும் ஒரு காரணம். அகோரப் பசி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதன் வேலை. ஆனால் டாக்டர் சொல்வதையெல்லாம் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? அடுத்த தடவை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். 15 வயதுப் பையனுக்குப் பாதி தெரிந்திருக்கும், மீதியை அவனே கற்பனை செய்துகொள்வான். தெர்மாமீட்டரையும் ஒரு நோட்டையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். 100.4 காட்டினாலே உங்களை எழுப்புவது அவன் பொறுப்பு.